ஒரு நடை வெளிச்சம்

மழை நின்றதை மகாராணி ஒரு முறை பார்த்திருக்கிறாள். பெய்து ஓய்ந்த மழையைச் சொல்லவில்லை. கொட்டிக்கொண்டிருந்த மழை, கொட்டியபடியே அந்தரத்தில் நின்றது.

அப்போது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. லீவு நாளில் அம்மாவோடு ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டு, சாயங்காலம் ஜீப்பில் போடிக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். தோட்டத்துப் பாதையின் ஒரு வளைவில் வண்டியின் பின்சக்கரம் சேற்றுக்குள் இறங்கிவிட்டது. ஏலக்காய் எடுப்புக்குப் போன பெண்கள் எல்லோரும் குதித்து, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளினார்கள். ஒருத்தி தள்ளும்போது வண்டி கொஞ்சம் அசைந்து கொடுக்கும். பிறகு பழைய குழிக்கே வந்து உட்காரும். அடுத்தவள் தள்ளுவாள், மறுபடி உட்காரும். "சேந்து தள்ளுங்கடி, சிறுக்கிகளா!" என்று அவர்களில் ஒருத்தியான ஒச்சம்மாள் கத்தினாள். எல்லோரும் ஒரே மூச்சில் கை வைத்தார்கள். அந்த நொடியில் குரங்கணிப் பக்கத்து மலைக்கு மேலே மின்னல் வெட்டியது.

எல்லாம் நின்றது. மழை கம்பியாகத் தெரியவில்லை. துளித்துளியாக, கோக்காத பாசிமணி மாதிரி, அந்தரத்தில் நின்றது. சக்கரத்திலிருந்து தெறித்த சேறு பாதி வழியில் நின்றது. அம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. ஜீப்பு குழியை விட்டு ஒரு சாண் மேலே ஏறி நின்றது. பிறகு இருட்டு; பிறகு மறுபடி மழையின் இரைச்சல்; ஜீப்பு ரோட்டில் ஏறி உறுமிக்கொண்டிருந்தது.

"மழை நின்னுச்சும்மா" என்றாள் மகாராணி.

"எங்கடி நின்னுச்சு? தொப்பலா நனைஞ்சு நிக்கிறோம், இவளுக்கு மழை நின்னுச்சாம்ல" என்று ஒச்சம்மாள் சிரித்தாள். ஜீப்பே சிரித்தது. அன்றிலிருந்து ஒச்சம்மாளுக்கு அவள் 'மழைய நிப்பாட்டுனவ'.

அந்தப் பெண்பிள்ளை வளர்ந்து, போடியில் படித்து, தேனிக்கு பஸ்சில் போய்வந்து எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்தாள். ஜீப்பு ஓட்டும் தங்கபாண்டிக்கு வாழ்க்கைப்பட்டாள். பள்ளிக்கூடத்தில் சில வருஷம் பாடம் எடுத்தாள். கரும்பலகையில் ஒளியின் வேகத்தை எழுதும்போதெல்லாம், எழுதிய எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த வேகத்தில் ஓடுகிற ஒன்று எதையாவது நிறுத்திக் காட்டுமா, எவ்வளவு சின்னதை நிறுத்திக் காட்டும் என்று யோசிப்பாள். பின்பெஞ்சில் பிள்ளைகள் கசமுசவென்று பேச ஆரம்பித்த பிறகுதான் திரும்புவாள்.

நாற்பதை நெருங்கும் வயதில்தான் அவளுக்கு அந்த ஆய்வுக்கூடத்து வேலை வந்தது. ஒரு கல்லூரிக்காரர்கள், முந்தல் ஊரைத் தாண்டி, மலை ஏறத் தொடங்கும் இடத்தில், ரோட்டை விட்டு நன்றாக உள்ளே தள்ளியிருந்த, ஏலக்காய் மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கியைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். இரண்டு முழ அகலக் கல்சுவர். வெயில் உள்ளே வராது, வண்டி போகிற அதிர்வும் வராது. நடுவில் கல் மாதிரி அசையாத ஓர் இரும்பு மேசை. அதன் மேல் வடக்கே ஒரு பெரிய ஆய்வுக்கூடம் இரவல் கொடுத்திருந்த லேசர். மேசையின் ஓரத்தில் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த ஓர் எஃகுக் குடுவை. குடுவைக்குள் கண்ணாடிச் சில்லின் மேல் தங்கம், மூச்சுவிட்ட ஈரம் படிகிற மாதிரி, மெல்லிசாகப் படிந்திருந்தது.

கிட்டங்கியைக் கழுவிக் கழுவி வெள்ளையடித்தும் ஏலக்காய் வாசம் போகவில்லை. மழை நாளில் சுவரே கொடுக்கிற வாசம் அறை முழுக்க நிற்கும். அங்கே டீ போட்டால் தனியாக ஏலக்காய் தட்டிப்போட வேண்டியதில்லை என்பான் இனியவன்.

இனியவன் அங்கே விஞ்ஞானி. அவளைவிட ஏழெட்டு வயது இளையவன், விழுப்புரத்துக்காரன், அப்பா பஸ் கண்டக்டர். அவளை அக்கா என்பான். அவள் தம்பி என்பாள். இரண்டு பேர்தான் அந்தக் கூடத்தில். மேசையில் ஒளி ஓடும் பாதையை அமைப்பது அவன் பொறுப்பு. அளந்து, ஓட்டி, எண்ணி எடுப்பது அவள் பொறுப்பு.

ஒரு நாள் காலையில், மலைக்குப் போகும் ஜீப்பு முந்தல் டீக்கடையில் நின்றபோது, ஒச்சம்மாள் கேட்டாள்:

"ஏ ராணி, பொட்டிபுரத்துல மலையக் கொடையப் போறாகன்னு பேசிக்கிட்டாங்களே, அதுவா இது?"

"இல்ல அத்தே. அது வேற. இது தங்கத்து மேல வெளிச்சத்தைப் போட்டு, அதுல இருந்து துள்ளி வர்ற எலெக்ட்ரானப் பிடிக்கிற சோலி."

"தங்கமா? எம்புட்டு?"

"ஊதுனா பறந்துரும் அத்தே. ஒரு பொட்டுக்குக் காணாது."

"அதுக்கா அம்புட்டுப் பெரிய பூட்டு!"

மகாராணி அவளுக்குச் சேற்றில் சிக்கிய ஜீப்பைத்தான் உதாரணம் சொன்னாள். தங்கத்துக்குள் எலெக்ட்ரான் குழிக்குள் இறங்கிய சக்கரம் மாதிரி. வெளிச்சம் அதைத் தள்ளும். ஒரு தள்ளலில் வராது. கொஞ்சம் எழும்பி, பழைய குழிக்கே திரும்பும். அது திரும்பி உட்காருவதற்குள் அடுத்த தள்ளல் விழுந்தால் துள்ளி வெளியே வந்துவிடும். எலெக்ட்ரான் எவ்வளவு நேரம் எழும்பியபடி நிற்கிறது, முதல் தள்ளலை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

"எம்புட்டு நேரம் வெச்சிருக்கும்?"

"அதைத்தான் அத்தே பார்க்கணும்."

"கண்ண மூடித் தொறக்கிற நேரமா?"

கண்ணை மூடித் திறக்கும் நேரம் அதற்கு ஒரு யுகம். ஒரு நொடியைக் கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றை எடுத்து மறுபடி கோடியாகப் பிரித்து, அதிலும் ஒன்றைப் பத்தாகக் கிழித்தால் கிடைப்பது ஒரு துணுக்கு. அப்படிப்பட்ட சில பத்துத் துணுக்கு நேரத்துக்குத்தான் அந்த லேசரின் ஒவ்வொரு வெட்டும் நீடிக்கும். மின்னல் மழையைத்தான் நிறுத்தும். இந்த வெட்டு எலெக்ட்ரானையே நிறுத்திக் காட்டும்.

அந்த நேரத்தை எந்தக் கடிகாரமும் அளக்காது. அதனால் தூரத்தால் அளந்தார்கள். மலைக்காரர்கள் தூரத்தை நேரத்தால் சொல்வார்கள்: ஒரு வெற்றிலை போடுகிற தூரம், ஒரு பீடி தூரம். மேசையில் அதையே தலைகீழாகச் செய்தார்கள். லேசரின் ஒரு வெட்டைக் கண்ணாடியால் இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று நேர்வழியில் போகும். மற்றொன்று சுற்றுவழியில், மேசைக் கோடியில் இருக்கும் நகரும் கண்ணாடிவரை போய்த் திரும்பி வரும். பிறகு இரண்டும் ஒரே தடத்தில் சேர்ந்து குடுவைக்குள் நுழைந்து தங்கத்தில் விழும். நகரும் கண்ணாடியை முடியளவு பின்னால் தள்ளினால் இரண்டாவது வெட்டு அதற்கேற்ற அளவு பிந்தி வரும். எவ்வளவு பிந்தினால் எத்தனை எலெக்ட்ரான் துள்ளுகிறது என்று எண்ணிக்கொண்டே போனால், அது மறந்துபோகும் நேரம் தெரிந்துவிடும்.

ஆனால் முதலில் இரண்டும் ஒன்றாக வந்து விழுகிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சந்திப்பு. ஒரு தலைமுடியைவிட மெல்லிய இடம். அந்த இடத்தில் கண்ணாடி நின்றால் எண்ணிக்கை குபுக்கென்று ஏறும். தவறினால் ஒன்றும் நடக்காது. எண்ணிக்கை காட்டும் திரையில் கோடு, காற்றில்லாத நாளில் கண்மாய்த் தண்ணீர் கிடப்பது மாதிரிக் கிடக்கும்.

மகாராணி அந்த இரண்டு வழிகளையும் நூல் பிடித்து அளந்தாள். மூட்டை தைக்கிற பருத்தி நூல்; இழுத்தால் நீளாமல் இருக்க மெழுகு தடவி, வெயில் படாமல் வைத்திருந்தாள். பிரியும் கண்ணாடியில் தொடங்கி, வழியில் உள்ள ஒவ்வொரு கண்ணாடியையும் தொட்டுத் திரும்பி, சேரும் கண்ணாடிவரை. நேர்வழி முடிந்த இடத்தில் நூலில் ஒரு முடிச்சு. சுற்றுவழி முடிந்த இடத்தில் இன்னொரு முடிச்சு. மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் முடிச்சின் மேலேயே விரல் வந்து நின்றது. இரண்டு முடிச்சுக்கும் நடுவே அகன்ற உள்ளங்கை ஒன்று கொள்ளும். அவ்வளவு தூரம் சுற்றுவழி கூடுதல்.

மறுநாள் ராசிங்காபுரத்தில் அவள் கூடப்பிறந்த தம்பியின் மகளுக்குக் காதுகுத்து. நூலை மேசை ஓரத்தில் சுற்றி வைத்துவிட்டுப் போனாள். கண்ணாடி மேடையை இடம் மாற்றி முடுக்குகிற வேலையை இனியவன் செய்வதாகப் பேச்சு. மேளச் சத்தத்துக்கு நடுவே, ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவனுக்குப் போனில் சொன்னாள்:

"தம்பி, நூல்ல ரெண்டு முடிச்சு போட்டிருக்கேன். முடிச்சுக்கு முடிச்சு உள்ளதுதான் வித்தியாசம். ஒரு நடைக்கு உண்டானது. கேக்குதா?"

"ஒரு நடைக்குத்தானேக்கா? கேக்குது, கேக்குது."

"ஆமா, நடைக்கு! பார்த்து வைங்க."

நடை என்பது அவள் வீட்டு வார்த்தை. ஒளி நகரும் கண்ணாடிக்கு ஓடுகிற ஓட்டத்தைச் சொல்ல அவள் அதை முதல் வாரத்திலேயே கூடத்துக்குள் கொண்டுவந்துவிட்டாள். இனியவனுக்கும் அது பிடித்துப்போயிற்று. அவன் வீட்டிலும் அது புழங்கிய வார்த்தைதான்.

காதுகுத்து முடிந்து வந்த பிறகு அவள் தேடத் தொடங்கினாள். மேடை இனியவன் கையால் முடுக்கிய இடத்தில் நின்றது. அதன் மேலிருந்த கண்ணாடி மட்டும் ஒரு விரல் அகலத்துக்குள் மயிரிழை மயிரிழையாக ஊர்ந்தது. அவள் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். குடுவையின் காற்றை உறிஞ்சும் பம்பு ஒரே சுருதியில் முனகும். கூரை ஓட்டின் இடுக்கு வழியாகப் பனிமூட்டம் இறங்கி வந்து விளக்கைச் சுற்றி நிற்கும். சில மத்தியானங்களில் அவளும் அந்த ஒளியோடு நடந்துபோவதாகத் தோன்றும். பிரியும் இடத்தில் கூட வந்தவளை விட்டுவிட்டு, தனியாகக் கோடிவரை போய், கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். சேரும் இடத்துக்கு வந்தால் மற்றவள் எப்போதோ போயிருப்பாள். அல்லது இன்னும் வந்திருக்கமாட்டாள். யார் முந்தியது, யார் பிந்தியது என்றே தெரியாது.

கோடு கண்மாயாகவே கிடந்தது.

ஆடி போய் ஆவணி வந்தது. லேசரின் வெளிச்சத்தை அளந்தார்கள், சரியாக இருந்தது. குடுவையைத் திறந்து தங்கத்தை மாற்றினார்கள், எண்ணும் கருவியைச் சோதித்தார்கள், எல்லாம் சரி. சந்திப்பு மட்டும் இல்லை. இதற்கிடையே வடக்கே இருந்து தகவல் வந்தது. இரவல் கொடுத்த தவணை முடிந்தது, வேறு ஊரில் லேசருக்குக் காத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை லாரி வரும்.

இனியவனுக்கு இது போனால் வேறு ஊர், வேறு லேசர். அவனுக்கு வயது இருந்தது. மகாராணிக்கு அப்படி இல்லை. இந்த மேசையை விட்டால் அவளுக்குத் திரும்பவும் கரும்பலகைதான். பாடம் எடுப்பதில் அவளுக்கு வருத்தம் இல்லை. ஆனால் மலையடிவாரத்தில், தன் வீட்டிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் தூரத்தில், அப்படி ஒரு மின்னல் வந்து குடியிருந்தது. அது எதையும் நிறுத்திக் காட்டாமலே போகப்போகிறது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு முறை. ஒரே ஒரு முறை அந்தக் கோடு எழும்பி அவள் பார்த்துவிட வேண்டும்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் தங்கபாண்டியின் ஜீப்பு டீக்கடையில் வந்து நின்றது. பின்னால் தூக்குவாளியும் கம்பளியுமாகப் பெண்கள். முன்சீட்டில் இருந்து மகாராணி இறங்கினாள். அங்கே இனியவன் குளிருக்கு மப்ளர் கட்டிக்கொண்டு, கையில் டீ கிளாசோடு நின்றிருந்தான்.

"அண்ணே, இன்னைக்கு நானும் மேல வர்றேன். இத்தனை நாளா அடிவாரத்துலயே உக்காந்திருக்கேன், உச்சிய ஒரு தரம் பார்த்துட்டாவது போறேன்" என்றான். சிரிக்கப் பார்த்தான், சரியாக வரவில்லை.

"ஏறுங்க மாப்ளே. ஆனா இன்னைக்கு ஒரு நடைதான், பார்த்துக்கங்க" என்றான் தங்கபாண்டி.

இனியவன் ஜீப்பில் வைத்த காலை எடுத்தான். "ஒரு நடைதானா? அப்ப நான் திரும்பி எப்படிண்ணே வர்றது?"

ஒச்சம்மாள் ஆரம்பித்தாள்.

"ஏஞ்சாமி, எங்களை எல்லாம் ஏத்திட்டுப் போயி மேலயே கொட்டிட்டா வருவாரு? அப்பறம் எங்க வீட்டுல யாரு உலை வைக்கிறது?"

"புலி வந்து உலை வைக்கும் அத்தே" என்றான் தங்கபாண்டி. "மாப்ளே, நடைன்னா போயிட்டு வர்றது. காலையில ஏத்துறதும் சாயங்காலம் எறக்குறதும் சேர்த்துத்தான் நடை."

"எங்க ஊர்ல அப்படி இல்லண்ணே. எங்கப்பா பஸ்ல போறது ஒரு நடை, வர்றது ஒரு நடை. இன்னைக்கு ஆறு நடை பார்த்தேன்னு சொன்னா மூணு தரம் போயிட்டு வந்திருக்காருன்னு அர்த்தம்."

"படிச்ச புள்ள, நடக்கத் தெரியலையே" என்றாள் ஒச்சம்மாள். ஜீப்பே குலுங்கியது.

மகாராணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் டீ கிளாசை உதட்டருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். ஆவி அவள் முகத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"தம்பி" என்றாள். "காதுகுத்து அன்னைக்கு நான் போன்ல சொன்னேன்ல. முடிச்சுக்கு முடிச்சு, ஒரு நடைக்கு உண்டானதுன்னு. அதை எப்படி வெச்சீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான்க்கா. ஒரு நடைக்குன்னீங்க. சரி, போற வழிக்கு மட்டும் பாதியாக்கிச் சொல்றீங்கன்னு, முடிச்சுக்கு முடிச்சு எவ்வளவு இருக்கோ அவ்வளவு தூரம் மேடையை..."

அவன் நிறுத்திக்கொண்டான்.

"நான் போக வர ரெண்டுக்கும் சேர்த்துல்ல சொன்னேன்" என்றாள் மகாராணி.

கண்ணாடியை ஒரு விரல் முன்னால் நகர்த்தினால் ஒளிக்குப் போவதில் ஒரு விரல், வருவதில் ஒரு விரல், ஆக இரண்டு விரல் குறையும். முடிச்சுக்கு முடிச்சு உள்ளதில் பாதிதான் மேடை நகர்ந்திருக்க வேண்டும். முழுதாக நகர்ந்திருந்தது. சுற்றுவழிக்காரி இத்தனை நாளும் பிந்தி வரவில்லை. முந்தி வந்து போய்க்கொண்டிருந்தாள். அங்கே ஒரு விரல் அகலத்துக்குள் யுகம் யுகமாகத் தேடினாலும் சந்திப்பு கிடைத்திருக்காது.

"அண்ணே, நீங்க போங்க" என்றான் இனியவன். "நான் வரல."

"என்ன மாப்ளே, திருப்பிக் கொண்டாந்து விட்டுர்றேன்யா, நம்புங்க!"

"அதுக்கில்லண்ணே." அவன் ஏற்கெனவே கிட்டங்கியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். மகாராணி கிளாசை வைத்துவிட்டுப் பின்னால் போனாள். "இதுக ரெண்டுக்கும் என்னாச்சு?" என்று ஒச்சம்மாள் கேட்பது காதில் விழுந்தது.

நூல் மேசை ஓரத்தில் சுற்றியபடியே இருந்தது. மகாராணி அதைப் பிரித்து, ஒரு முடிச்சின் மேல் மற்ற முடிச்சை வைத்து இரண்டாக மடித்தாள். அவ்வளவுதான். மடிந்த இடத்தை நகத்தால் கீறிவிட்டு அவனிடம் நீட்டினாள். யார் பிழை என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவன் சொன்னதும் நடைதான். அவள் சொன்னதும் நடைதான்.

மேடையைக் கழற்றி, மடித்த நூலின் அளவுக்கு வைத்து மறுபடி முடுக்கினார்கள். மேடை நகர்ந்ததால் ஒளி பாதை மாறிப்போயிருந்தது; அதை ஒவ்வொரு கண்ணாடியாகத் திருகித் திருகி, சேரும் தடத்துக்குக் கொண்டுவர மத்தியானம் ஆகிவிட்டது. தூக்குவாளியை அவள் திறக்கவே இல்லை. வெளியே மலையின் மேல்பாதியை மேகம் மூடிவிட்டது. கிட்டங்கிச் சுவர் ஏலக்காய் வாசத்தைக் கொடுக்கத் தொடங்கியது.

அவள் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மயிரிழை, எண்ணிக்கை. மயிரிழை, எண்ணிக்கை. கோடு கிடந்தது. மேகம் ஓட்டின் மேலே உரசிக்கொண்டு போகிற சத்தம்கூடக் கேட்பது மாதிரி இருந்தது. அவள் மறுபடியும் ஒளியோடு நடந்தாள். பிரிந்தாள்; கோடிக்குப் போனாள்; திரும்பினாள். இந்த முறை சேரும் இடத்தை நெருங்கும்போது யாரோ எதிரே வருகிற காலடி கேட்டது.

கோட்டில் ஒரு சிலிர்ப்பு.

"அக்கா" என்றான் இனியவன், பின்னாலிருந்து, மிக மெல்ல.

"பேசாதீங்க."

அடுத்த மயிரிழை. கோடு நடுங்கியது, ஏறியது, இறங்கியது, முன்னைவிட ஏறியது. இரண்டு ஒளியும் ஒன்றையொன்று உரசி ஏறி இறங்கி ஏறுகிற அலை. பிறகு அது குபுக்கென்று எழும்பியது. கண்மாய்க்கு நடுவில் ஒரு மலை எழும்பியது போல. உச்சியைத் தொட்டு, மறுபக்கம் அலையலையாக இறங்கியது. ஆனால் அடிவாரத்துக்கு வந்த பிறகும் உடனே தரையோடு படுக்கவில்லை. ஒரு சின்னச் சரிவாக, கொஞ்சம் தயங்கி, பிறகுதான் படுத்தது. ஒளியின் வெட்டு முடிந்துபோன பிறகும் நீண்ட அந்தத் தயக்கம்தான் எலெக்ட்ரானின் நினைவு. முதல் தள்ளலை அது இன்னும் மறக்கவில்லை. குழியை விட்டு ஒரு சாண் மேலே, மழைத்துளிகளுக்கு நடுவே, ஜீப்பு நின்றுகொண்டிருந்தது.

மகாராணி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

அப்போது ஓட்டின் இடுக்கு வெள்ளையாகப் பளிச்சிட்டது. வெகுநேரம் கழித்து மலைக்குப் பின்னால் இடி உருண்டது.

மின்னல் வந்தால் லேசரை அணைத்துவிட வேண்டும் என்பது அவர்களே போட்டுக்கொண்ட சட்டம். இரவல் பொருள். இனியவன் எழுந்துவிட்டான். "கிடைச்சிருச்சுக்கா. கிடைச்சதே போதும். அணைச்சிருவோம்."

"திரும்பி வரணும் தம்பி."

"என்னது?"

"போகும்போது பார்த்திருக்கோம். வரும்போது பார்க்கலையே. கண்ணாடி இப்ப அந்தக் கோடியில நிக்குது. திரும்பி வர்றப்பவும் மலை அதே இடத்துல நின்னாத்தான் மலை. இல்லைன்னா மேசை இளகுச்சோ, லேசர் துள்ளுச்சோ, யாருக்குத் தெரியும்? நாளைக்கு லாரி வந்துரும்."

மறுபடி வெளிச்சம். இருவரும் இடிக்காகக் காத்திருந்தார்கள். வெற்றிலையைக் கிள்ளி, மடித்து, வாயில் போடுகிற நேரத்துக்குப் பிறகு இடி வந்தது. மின்னலும் இடியும் ஒரே இடத்திலிருந்து ஒன்றாகக் கிளம்பியவை; எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு தூரம். இதையும் அவர்கள் மேசை மேல் செய்வதுபோலத்தான் அளக்க வேண்டியிருந்தது.

"இன்னும் மேல்மலையிலதான் இருக்கு" என்றாள் அவள். "ஒரு பானை சோறு வேகுற நேரம் குடுங்க. இடி கிட்ட வந்துச்சுன்னா நானே அணைச்சிர்றேன்."

அவன் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவள் கண்ணாடியைத் திருப்பி ஓட்டினாள். மயிரிழை, எண்ணிக்கை. ஓட்டின் மேல் முதல் துளிகள் விழுந்தன. மின்னல், வெற்றிலையைக் கிள்ளி மடிக்கிற நேரம், இடி. சரிவு தொடங்கியது, அதே தயக்கம், அதே இடத்தில். மின்னல், கிள்ளுகிற நேரம், இடி. அலைகள் ஏறின. உச்சி. முன்பு நின்ற உச்சியின் மேலேயே இந்த உச்சியும் வந்து உட்கார்ந்தது, மடித்த நூலில் முடிச்சின் மேல் முடிச்சு உட்கார்ந்த மாதிரி. இறங்கியது. படுத்தது.

"ம்" என்றாள் மகாராணி.

இனியவன் சுவிட்சை அழுத்தினான். பம்பின் முனகல் மட்டும் பாக்கி இருந்தது. கொஞ்ச நேரத்தில் மலையே அதிர்கிற மாதிரி ஓர் இடி விழுந்து, கரண்டும் போனது. இருட்டில் மழையின் இரைச்சலும் ஏலக்காய் வாசமும் மட்டும் இருந்தன. யாரும் டார்ச்சைத் தேடவில்லை.

"அக்கா, வடக்கே என்னன்னு சொல்றது?" என்றான் அவன், இருட்டுக்குள்ளிருந்து.

"பார்த்ததைச் சொல்லுவோம். ஒரே தரம்தான் பார்த்தோம்னும் சேர்த்துச் சொல்லுவோம். பத்துத் தரம் பார்க்கணும்னு அவங்களே கேப்பாங்க. கேட்டா, மேடை எங்க நிக்கணும்னு சொல்லிக் குடுக்க நம்மகிட்ட நூல் இருக்கு."

"இந்தத் தரம் நடைன்னு சொல்லிறாதீங்க."

அவள் அப்போதுதான் சிரித்தாள்.

சாயங்காலம் ஜீப்பு இறங்கி வந்தது. மழையில் சொட்டச் சொட்ட இருவரும் ஓடி ஏறினார்கள். பின்னால் பெண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். இனியவன் அவர்களுக்கு நடுவே இடம் பிடித்து உட்கார்ந்தான். "வாய்யா, உச்சிய நாங்க பார்த்துட்டு வந்துட்டோம். அங்கனயேதான் இருக்கு" என்றாள் ஒச்சம்மாள், தூக்கக் குரலில். மகாராணி முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். ஜீப்பு போடியைப் பார்த்து உருண்டது.

தங்கபாண்டி அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். "என்னடி, காலையில அப்படி ஓடுனீங்க? சோலி முடிஞ்சதா?"

"ஒரு நடை ஆச்சு."

"எது, நம்ம நடையா? மாப்ளே வீட்டு நடையா?"

"நம்ம நடை. போயிட்டு வந்தாச்சு."

அவன் சிரித்துக்கொண்டே வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தான். முன்விளக்கின் வெளிச்சத்தில் மழை கம்பி கம்பியாக விழுந்துகொண்டிருந்தது. அடுத்த மின்னல் வெட்டியபோது மகாராணி கண்ணை மூடியிருந்தாள், தூங்கிப்போயிருந்தாள். பின்சீட்டிலிருந்து இனியவன் மட்டும், கம்பளிகளுக்கு நடுவே, வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, மழை நின்ன மாதிரி இருந்துச்சே!" என்றான்.

"இன்னொண்ணு கிளம்பிருச்சு" என்றாள் ஒச்சம்மாள்.